பப்பிலிருந்து தேசிய மேடைக்கு: ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ டார்ட்ஸ் போட்டியின் வரலாறு

1939ஆம் ஆண்டு மே மாதத்தில், லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் உள்ள ராயல் அக்ரிகல்ச்சுரல் ஹாலில் 14,534 பேர் திரண்டிருந்தார்கள். கால்நடைக் கண்காட்சிகளுக்காக 1862இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய கூடத்துக்கு அவர்கள் வந்தது, இரண்டு பேர் ஒரு வட்டப் பலகையை நோக்கி மாறி மாறி மும்மூன்று அம்புகள் எறிவதைப் பார்ப்பதற்காக. ஹான்வொர்த்தைச் சேர்ந்த ‘ஜாலி செய்லர்’ என்ற பப்பின் (மதுக்கூடத்தின்) சார்பில் ஆடிய மார்மடியூக் பிரெக்கன், சதர்க்கைச் சேர்ந்த ‘விண்ட்மில்’ கிளப்பின் ஜிம் பைக்கை 2-1 என்று வென்றார். பைக் அன்றைய லண்டனில் மிகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதால் முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியிருக்க வேண்டும். டார்ட்ஸ் ஆட்டம் ஒன்றைப் பார்க்க இவ்வளவு பெரிய கூட்டம் அதன்பின் பல பத்தாண்டுகளுக்குக் கூடவில்லை.

இந்தக் காட்சியை டார்ட்ஸ் வரலாறு பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற ஞாயிறு இதழ் நடத்திய அந்தப் போட்டியில் அன்று நடந்தது தேசிய இறுதிப் போட்டி அல்ல; லண்டனும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களும் சேர்ந்த ஒரு வட்டாரத்தின் இறுதிப் போட்டி மட்டுமே என்பது பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. அந்தப் பருவத்தில் ஆறு வட்டாரங்களில் தனித்தனியாகப் போட்டி நடந்தது. எல்லாவற்றிலுமாகப் பெயர் கொடுத்தவர்கள் 2,80,000 பேருக்கு மேல். இத்தனை பேர் இருந்தும் ‘இவரே நாட்டின் சாம்பியன்’ என்று சொல்ல ஒருவர் இல்லை. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க இன்னும் ஒன்பது ஆண்டுகளும் ஓர் உலகப் போரும் கடந்துபோக வேண்டியிருந்தது. இந்தத் தாமதத்துக்கான காரணத்தைப் பார்த்தால்தான், இந்தப் போட்டி என்ன செய்து முடித்தது என்பதும் புரியும்.

முதலாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் ‘டார்ட்ஸ்’ என்ற பெயரில் ஆடப்பட்டது ஒரே விளையாட்டு என்று சொல்வதற்கில்லை. மான்செஸ்டரில் மரத்துண்டின் வெட்டு முகத்தைக் கொண்டு செய்த சிறிய பலகை. அதன் உச்சியில் 4 இருக்கும், எண்ணை இருமடங்காக்கும் டபுள் வளையம் நூலிழை போல மெல்லியதாக இருக்கும், மும்மடங்காக்கும் டிரிபிள் வளையம் கிடையாது. யார்க்‌ஷயர் பலகையிலும் டிரிபிள் இல்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் 5, 10, 15, 20 ஆகிய எண்கள் மட்டுமே திரும்பத் திரும்ப வரும் பன்னிரண்டு பிரிவுப் பலகை வழக்கில் இருந்தது. கென்ட், லிங்கன், கிரிம்ஸ்பி என்று ஊருக்கு ஒரு பலகை. எறிகோட்டின் தூரமும் அப்படித்தான். பப்பின் அறை எவ்வளவு நீளமோ, பழக்கம் எதுவோ, அதுவே விதி. இந்த நிலையில் மான்செஸ்டரின் சிறந்த ஆட்டக்காரரையும் லண்டனின் சிறந்த ஆட்டக்காரரையும் ஒரே பலகையின் முன் நிறுத்தினால், யாராவது ஒருவர் தன் வாழ்நாள் பயிற்சியை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்னால் பலகையை ஒன்றாக்க வேண்டும். தேசியப் போட்டிக்கு உண்மையான தடையாக இருந்தது இதுதான்.

இன்று உலகமெங்கும் தொங்கும் பலகை, அதாவது உச்சியில் 20, அதன் இருபுறமும் 1, 5, நடுவில் டிரிபிள் வளையம் என்ற அமைப்பு, அப்போது பல வகைகளுள் ஒன்று. லண்டனில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1920களின் நடுவில் லண்டனில் தேசிய டார்ட்ஸ் சங்கம் உருவாகி விதிகளை எழுதத் தொடங்கியது. பெயரில் தேசியம் இருந்தாலும் அதன் கை முதலில் தலைநகரைத் தாண்டி அதிகம் நீளவில்லை. அதே காலத்தில் பீர் நிறுவனங்கள் தங்கள் பப்புகளுக்கிடையே லீக் போட்டிகளை நடத்தின. குடித்துவிட்டுக் கிடக்கும் இடம் என்ற பழிச்சொல்லைப் போக்கி, பப்பைக் கண்ணியமான பொழுதுபோக்கு இடமாகக் காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. மதுக்கூட உரிமங்களை வழங்கிய மாஜிஸ்திரேட்டுகள் கடுமையாக இருந்த காலம் அது. ஒழுங்கான விதிகள், கோப்பை, ஊர்ப் பெயர் தாங்கிய அணி ஆகியவை இருந்தால் அந்த ஆட்டத்தைச் சூதாட்டம் என்று ஒதுக்கிவிடுவது கடினம்.

இந்த இடத்தில்தான் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ நுழைந்தது. 1843இல் தொடங்கிய இந்த ஞாயிறு இதழ், குற்றச் செய்திகளும் நீதிமன்றச் செய்திகளும் விளையாட்டும் கலந்து உழைக்கும் மக்களின் வீடுகளுக்குள் போன ஒன்று. 1950ஆம் ஆண்டு வாக்கில் அதன் விற்பனை 80 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. விளையாட்டுப் போட்டிக்குப் புரவலராக இருப்பது அதற்குப் புதிதும் அன்று. 1903 முதலே தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கான போட்டி ஒன்றுக்கு அது ஆதரவு அளித்துவந்தது. கோல்ஃப் ரசிகர்களைவிட, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இதழை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மதியம் பப்புக்குப் போகிறவர்களே அதன் வாசகர்களில் மிகுதி என்பதால், டார்ட்ஸ் போட்டி இயல்பான அடுத்த அடியாக அமைந்தது. உள்ளூர் ஆட்டக்காரரின் பெயரும் அவருடைய பப்பின் பெயரும் அச்சில் வந்தால், அந்தத் தெருவே அந்த வார இதழை வாங்கும். இதழுக்கு விற்பனை, பீர் நிறுவனத்துக்குக் கூட்டம், ஆட்டக்காரருக்குப் பெயர். மூன்று தரப்பின் நலனும் ஒரே திசையில் இருந்த இந்த ஏற்பாடு நீடித்து நின்றதில் வியப்பில்லை.

1927இல் லண்டன் மாநகர வட்டாரத்தில் மட்டும் போட்டி தொடங்கியபோது பங்கேற்றவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அடுத்த சில ஆண்டுகள் அது தலைநகரின் போட்டியாகவே இருந்தது. 1930களின் நடுவிலிருந்துதான் வேகம் பிடித்தது. லண்டனைச் சூழ்ந்த மாவட்டங்கள் சேர்ந்தன. பிறகு வேல்ஸ், லங்காஷயரும் செஷயரும், யார்க்‌ஷயர், வட இங்கிலாந்து, நடு இங்கிலாந்து என்று 1938-39 பருவத்துக்குள் ஆறு வட்டாரங்கள் ஆயின. போட்டி எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் லண்டனின் டிரிபிள் பலகையும் கூடவே போனது. ஊர்ப் பலகையில் ஆடிப் பழகியவர்கள் அதை விரும்பி ஏற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இதழின் போட்டியில் பெயர் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பலகையில் பழக வேண்டும்; பழக வேண்டுமானால் பப்பில் அதை மாட்ட வேண்டும். ஒரு சட்டமும் ஆணையும் இல்லாமல், பரிசின் ஈர்ப்பு ஒன்றினாலேயே நாடு முழுவதும் சுவரில் தொங்கும் பொருள் மாறியது. இந்தப் போட்டியின் ஆகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது, அது உருவாக்கிய எந்தச் சாம்பியனையும்விட, இதைத்தான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. பல வட்டாரப் பலகைகள் வழக்கொழிந்தன. மான்செஸ்டர் பலகை போன்ற சில மட்டும் பற்றுள்ள ஆட்டக்காரர்களால் பிழைத்தன.

பலகையின் பொருளும் இதே ஆண்டுகளில் மாறியது. அதுவரை எல்ம் போன்ற மரங்களில் செய்த பலகைகளே பெரும்பாலும் இருந்தன. அம்புத் துளைகள் மூடிக்கொள்வதற்காக அவற்றை இரவில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஊறவைக்க மறந்தால் மரம் வெடிக்கும், ஊறிய மரம் நாற்றமடிக்கும். 1930களில் நோடோர் நிறுவனம் சைசல் நாரை இறுக்கிச் செய்த பலகையைக் கொண்டுவந்தது. அம்பை உருவியதும் நார்கள் தாமே நெருங்கித் துளையை மூடிவிடும். விலை கூடுதல் என்பதால் அது பரவுவதற்குக் காலம் எடுத்தது. ஆனால் எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே அளவு, ஒரே தன்மை என்ற உறுதி தேசியப் போட்டிக்கு மிகவும் வேண்டியிருந்த ஒன்று.

சமூக மதிப்பும் அந்த ஆண்டுகளில் உயர்ந்தது. 1937 டிசம்பரில் ஸ்லவ் நகரின் சமூக மையம் ஒன்றைப் பார்வையிட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் அங்கே அம்பெறிந்து பார்த்தார்கள். மூன்று அம்புகளில் அரசி 21 எடுத்தார், மன்னர் 19. இதைச் செய்தித்தாள்கள் கொண்டாடின, பெண்களிடையேயும் டார்ட்ஸ் பரவியது. இருந்தும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கிளாஸ்கோ, லிவர்பூல், ஹடர்ஸ்ஃபீல்டு போன்ற நகரங்களின் உரிம அதிகாரிகள், மக்கள் வெகுநேரம் தங்கிக் குடிக்க இது தூண்டுகிறது, பந்தயத்துக்கு வழிவகுக்கிறது என்று சொல்லிப் பப்புகளில் டார்ட்ஸுக்குத் தடை விதித்தார்கள். ஒரே காலத்தில் அரச குடும்பத்தின் புன்னகையும் அதிகாரிகளின் தடையும் கிடைத்த விளையாட்டு இது. தேசியப் போட்டி என்ற கட்டமைப்பு அதற்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பதை இந்த முரண் காட்டுகிறது.

1939 செப்டம்பரில் போர் வந்ததும் போட்டி நின்றது, விளையாட்டு நிற்கவில்லை. படைமுகாம்களிலும் தொழிற்சாலை உணவகங்களிலும் போர்க்கைதி முகாம்களிலும் டார்ட்ஸ் ஆடப்பட்டது. ஜிம் பைக் போன்றவர்கள் நிதி திரட்டக் காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். 1944இல் நியூமார்க்கெட்டில் பைக், ஒன்பது அடி தூரத்திலிருந்து எறிந்து, அம்புகளைத் தாமே உருவிக்கொண்டு, எல்லா டபுள்களையும் வரிசையாக 3 நிமிடம் 30 விநாடியில் முடித்தார். போர் செய்த வேறொரு காரியம், பல வட்டார இளைஞர்களை ஒரே முகாமில், ஒரே வகைப் பலகையின் முன் நிறுத்தியது. வீடு திரும்பியபோது அவர்களுக்கு லண்டன் பலகை அன்னியமாக இல்லை.

1947-48 பருவத்தில் போட்டி மீண்டும் தொடங்கியபோது, வட்டார வெற்றியாளர்கள் அனைவரும் ஒரே இடத்தில் மோதும் இறுதிச் சுற்று சேர்க்கப்பட்டது. முதல் தேசிய சாம்பியன் லங்காஷயரின் செயின்ட் ஹெலன்ஸ் நகரைச் சேர்ந்த ஹாரி லெட்பெட்டர். வெஸ்ட் ஹார்ட்டில்பூலின் எஃகு ஆலைச் சமூக மன்றத்தின் சார்பில் ஆடிய டாமி ஸ்மாலை அவர் 2-1 என்று வென்றார். தொடங்கிய நாளிலிருந்து லண்டனின் சொத்தாக இருந்த போட்டியின் முதல் தேசிய இறுதி ஆட்டத்தில் லண்டன்காரர் ஒருவர்கூட இல்லை. தலைநகரின் பலகையைத் தலைநகருக்கு வெளியே இருந்தவர்கள் பத்தே ஆண்டுகளில் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெற்றியாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்தப் பப்பின், எந்த மன்றத்தின் சார்பில் ஆடினார் என்று எழுதியிருக்கும். அந்த மன்றப் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் உழைக்கும் வாழ்க்கை வரிசையாக வருகிறது. லெட்பெட்டர் ஆடியது விண்டில் லேபர் கிளப்புக்காக. செயின்ட் ஹெலன்ஸ் நிலக்கரிக்கும் கண்ணாடிக்கும் பேர்போன ஊர். 1952இலும் 1958இலும் வென்று, தேசியப் பட்டத்தை இரண்டு முறை பெற்ற முதல் ஆளான டாமி கிப்பன்ஸ், யார்க்‌ஷயரின் சுரங்க ஊரான கானிஸ்பரோவில் இருந்த ஐவன்ஹோ தொழிலாளர் மன்றத்தைச் சேர்ந்தவர். 1954இல் வென்ற ஆலிவர் ஜேம்ஸ், தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் உள்ள ஒன்ல்வின் ஊரின் முன்னாள் படைவீரர் மன்றத்துக்காக ஆடினார். 1951இன் ஹாரி பெரிமன் பெயருக்குப் பக்கத்தில் உள்துறை அமைச்சக ஊழியர் மன்றம் இருக்கிறது. அன்று ஆட்டக்காரரின் முகவரி அவருடைய மன்றமாக இருந்தது. அந்தப் பட்டியலில் 1948 முதல் 1990 வரை ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

போட்டியின் அமைப்பு எளிமையானது, ஈவிரக்கமற்றது. பப்பின் சாம்பியன் முதலில் தேர்வாவார். அவர் பகுதிச் சுற்றுக்குப் போவார், அங்கிருந்து மாவட்டம், வட்டாரம், கடைசியில் மேடை. எந்த நிலையிலும் ஒரு தோல்வி போதும், அந்த ஆண்டு முடிந்தது. ஆட்டம் 501இலிருந்து குறைத்துக்கொண்டே வந்து டபுளில் முடிக்க வேண்டியது. இப்படி 501ஐ ஒரு முறை முடிப்பது ஒரு லெக். மூன்று லெக்குகளில் இரண்டை யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. பப்பின் மூலையில் நடந்த சுற்றுக்கும் பல்லாயிரம் பேர் முன்னிலையில் நடந்த இறுதிக்கும் இதே அளவுதான். 501ஐ மிகக் குறைவாக ஒன்பது அம்புகளில் முடிக்கலாம் என்பதால், கணக்குப்படி நாட்டின் சாம்பியன் பட்டத்தைப் பதினெட்டு அம்புகளில் வென்றுவிட முடியும். இதில் திறமை தன்னைக் காட்டிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. மீதம் 32 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டபுள் 16க்கு எறிகிறார். அம்பு வளையத்துக்குச் சற்று உள்ளே விழுந்தால் மீதம் 16, இனி டபுள் 8. மறுபடி உள்ளே விழுந்தால் மீதம் 8, டபுள் 4. அந்த வளையத்தின் அகலமோ சுமார் எட்டு மில்லிமீட்டர். நீண்ட ஆட்டத்தில் இப்படிப்பட்ட மூன்று தவறுகள் மறந்துபோகும். இங்கே அவை ஓர் ஆண்டின் உழைப்பை முடித்துவைக்கும்.

போதாததற்கு எறிகோடும் எட்டு அடி தூரத்தில் இருந்தது. 1976இல் உருவான உலக டார்ட்ஸ் கூட்டமைப்பின் வழியாக 7 அடி 9¼ அங்குலம், அதாவது 2.37 மீட்டர், பன்னாட்டு அளவாக நிலைபெற்ற பிறகும் இந்தப் போட்டி தன் எட்டு அடியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடுதான். ஆனால் வாரம் முழுவதும் ஒரு தூரத்தில் ஆடிப் பழகிய கைக்கு அது பெரிய வேறுபாடு.

இப்படியொரு போட்டியில் புகழ்பெற்றவர்கள் தோற்பது வழக்கமாக இருந்தது. 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வென்ற டாம் பாரட் அரிய விதிவிலக்கு. 1972இல் வேல்ஸின் ஆலன் எவன்ஸ் ஆரவாரமான ரசிகர் கூட்டத்துடன், இறுதிச் சுற்று நடந்த லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸுக்கு வந்தார். கோப்பையை எடுத்துச் சென்றவர் கார்ன்வாலின் பிரையன் நெதர்ட்டன். பின்னாளில் முதல் உலக சாம்பியனான லெய்ட்டன் ரீஸ், 1976 இறுதியில் பில் லெனார்டிடம் ஒரு லெக்கும் எடுக்காமல் தோற்றார். இரண்டு முறை உலக சாம்பியனான ஜாக்கி வில்சனுக்கு இந்தப் பட்டம் கடைசி வரை கிட்டவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறந்த ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்கும் அளவுகோலாக மூன்று லெக் ஆட்டம் மோசமானது என்பது உண்மை. ஆனால் வேலை முடிந்து வந்து மாலையில் அம்பெறியும் ஒருவருக்கு, உலகின் முதல்தர ஆட்டக்காரரை வெல்ல மெய்யான ஒரு வாய்ப்பை அது கொடுத்தது. இந்த வாய்ப்பு இல்லாமல் ஊர்தோறும் அத்தனை பேர் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள்.

1963 முதல் 1977 வரை இறுதிச் சுற்று அலெக்சாண்ட்ரா பேலஸில் நடந்தது. பேருந்துகளை வாடகைக்கு எடுத்து, ஊர்ப்பெயர் எழுதிய பதாகைகளோடு மக்கள் வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஐ.டி.வி. தொலைக்காட்சியின் கேமராக்கள் வந்தன. தொலைக்காட்சிதான் இந்தப் போட்டியை உச்சிக்குக் கொண்டுபோனது, இறக்கியதும் அதுதான். திரையில் டார்ட்ஸ் அழகாக அமைந்தது; எறிபவரின் முகத்தையும் பலகையையும் ஒரே நேரத்தில் காட்ட முடிந்தது. ஆனால் தொலைக்காட்சிக்குத் தெரிந்த முகங்கள் வேண்டும்; அதே ஆட்கள் வாராவாரம் வர வேண்டும். 1973இல் ஆலி கிராஃப்ட் தொடங்கிய பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு இதை நன்றாகப் புரிந்துகொண்டது. 1978இல் நாட்டிங்காமில் அது நடத்திய முதல் உலக சாம்பியன்ஷிப்பின் இறுதியில் லெய்ட்டன் ரீஸ் ஜான் லோவை 11-7 என்று வென்றார். பதினெட்டு லெக்குகள் நீண்ட அந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் சுருங்கியது. அதுவரை பலருடைய மனத்தில் உலகப் பட்டத்துக்கு நிகராக இருந்த இதழின் கோப்பை, அந்த ஆண்டிலிருந்து இரண்டாம் இடத்துக்குப் போகத் தொடங்கியது.

அதே 1978இல் ஸ்வீடனின் ஸ்டெஃபான் லார்ட், பிரிட்டனுக்கு வெளியிலிருந்து வந்து வென்ற முதல் ஆளானார். 1980இலும் அவரே வென்றார். இடையில் 1979இல் பாபி ஜார்ஜ் இறுதிக் கட்டத்தில் ஒரு லெக்கும் இழக்காமல் பட்டம் பெற்றார். 1983, 1984 இரண்டிலும் எரிக் பிரிஸ்டோ. பட்டியலில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பெயர்கள் நெருங்கி வர, சுரங்க மன்றங்களின் பெயர்கள் அருகின. அந்தச் சுரங்கங்களே 1980களில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுவந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பப்பிலும் மன்றத்திலும் கூடிய கூட்டம் குறைந்தபோது போட்டியின் அடித்தளம் தானாகவே கரைந்தது. 1980களின் இறுதிக்குள் தொலைக்காட்சி நிறுவனங்களும் டார்ட்ஸைக் கைவிடத் தொடங்கின. 1990இல் போட்டி நிறுத்தப்பட்டது.

1997இல் ஒரே ஒரு முறை அதை உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். ஃபில் டெய்லர் வென்றார். ஆனால் பப்பிலிருந்து படிப்படியாக மேலே வரும் அந்த ஏணியைத் தாங்க அப்போது உள்ளூர் அமைப்பு இல்லை. டார்ட்ஸும் இரண்டு போட்டி அமைப்புகளாகப் பிரிந்து கிடந்தது. மீண்டும் நடத்தப்படவில்லை. இதழே 2011 ஜூலையில், தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தின் பின்னணியில், மூடப்பட்டது.

அந்தப் போட்டியின் அமைப்பு மட்டும் வேறொரு பெயரில் தொடர்கிறது. 2003இல் போல்ட்டன் நகரில் தொடங்கிய யு.கே. ஓப்பன், தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தகுதிச் சுற்றுகளில் வென்று வரும் சாதாரண ஆட்டக்காரர்களையும் ஒரே குலுக்கலில் சேர்க்கிறது. அதனால், பெரிய அணிகளும் சிறிய அணிகளும் ஒன்றாக மோதும் இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியின் பெயரால், அதை டார்ட்ஸின் எஃப்.ஏ. கோப்பை என்று அழைக்கிறார்கள். அதில் ஆட்டங்கள் நீளமானவை, ஆகவே உள்ளூர் ஆட்டக்காரர் கடைசி வரை போவது மிகக் கடினம்.